எண்ணெய்க் கிணற்றில் ஏறிவரும் நீர்

எண்ணெய்க் கிணறு என்று பெயர் இருந்தாலும் அதிலிருந்து மேலே வருவதில் பெரும்பங்கு தண்ணீர்தான். உலகக் கிணறுகள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு பீப்பாய் எண்ணெயுடன் ஏறக்குறைய மூன்று பீப்பாய் நீர் வெளியேறுகிறது. வயதான எண்ணெய் வயல்களில் குழாய் வழியே வருவதில் பத்தில் ஒன்பது பங்கு நீராகவே இருப்பதும் உண்டு. நிலத்தில் தோண்டிய கிணறுகளில் இந்த நீரின் பெரும்பகுதி மீண்டும் பூமிக்குள்ளேயே செலுத்தப்படுகிறது. கடல் நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகளிலோ பெரும்பகுதி சுத்திகரிக்கப்பட்டுக் கடலில் விடப்படுகிறது. அது திருட்டுத்தனமாக நடப்பதன்று. சட்டத்தின் அனுமதியோடு, அளந்து, பதிவு செய்து, நாள்தோறும் நடப்பது.

எண்ணெய்க் கப்பல் ஒன்று உடைந்தால் நாடே பதறுகிறது. அப்படியிருக்க, எண்ணெய் கலந்த நீரைக் கடலில் விட எந்த அரசாவது ஒப்புக்கொள்வது எப்படி? எவ்வளவு விடலாம் என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? இதற்கான விடையை முதன்முதலில் விரிவாகத் தேடியவை வடகடலைச் சுற்றியுள்ள நாடுகள். அவை அரை நூற்றாண்டாகக் கற்றதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

பூமிக்கடியில் எண்ணெய் குளமாகத் தேங்கி நிற்பதில்லை. மணற்கல், சுண்ணாம்புக்கல் போன்ற பாறைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. அந்தத் துளைகளில் ஆதியில் இருந்தது கடல்நீர். பல லட்சம் ஆண்டுகள் கழித்து, இன்னும் ஆழமான அடுக்குகளிலிருந்து கசிந்து வந்த எண்ணெய், நீரைவிட லேசானது என்பதால் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கீழ்ப்பகுதியில் நீர் அப்படியே தங்கிவிட்டது. கிணறு எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச, காலியாகும் இடத்தை நோக்கிக் கீழிருக்கும் நீர் ஏறி வருகிறது.

இதோடு மனிதர் ஊற்றும் நீரும் சேர்கிறது. எண்ணெய் வெளியேறும்போது பாறைக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் உற்பத்தி தளர்ந்துவிடும். ஆகவே கடல்நீரை எடுத்துப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். நார்வேயின் எகோஃபிஸ்க் வயல் 1969-இல் கண்டறியப்பட்டு 1971-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அழுத்தம் இறங்க இறங்க அங்கே கடலடித் தரையே அமிழத் தொடங்கியதால், 1987-இல் மேடைகளை 6 மீட்டர் உயர்த்த வேண்டியதாயிற்று. பெருமளவில் நீர் செலுத்தும் பணியும் அதே ஆண்டில் தொடங்கியது. இப்படி உள்ளே செலுத்திய நீர் சில ஆண்டுகளில் பாறையைக் கடந்து உற்பத்திக் கிணற்றை வந்தடைகிறது. வயலுக்கு வயதாக ஆக நீரின் பங்கு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாறையிலிருந்தும் செலுத்தியதிலிருந்தும் எண்ணெயோடு சேர்ந்து மேலேறும் இந்த நீரை இங்கே ‘உடன்வரு நீர்’ என்று குறிப்போம். 2010-களில் நார்வேயின் மேடைகள் மட்டும் ஆண்டுக்கு 13 முதல் 15 கோடி கன மீட்டர் உடன்வரு நீரைக் கடலில் விட்டன. அதில் எண்ணெய் சராசரியாக லிட்டருக்கு 12 மில்லிகிராம் அளவில் இருந்தது. கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும் ஆண்டு முழுவதற்கும் பெருக்கினால் ஆயிரத்து ஐந்நூறு டன்னைத் தாண்டும்.

அந்நீரில் கலந்திருப்பவை

உடன்வரு நீரில் எண்ணெய் இரண்டு வடிவில் இருக்கிறது. ஒன்று, நீரில் மிதந்து திரியும் நுண்துளிகள். இதைச் சிதறிய எண்ணெய் என்பார்கள். மற்றொன்று நீரிலேயே கரைந்துவிட்ட பகுதி. கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று, ஆயிரக்கணக்கான சேர்மங்களின் கலவை. அதில் பென்சீன், டொலுயீன் போன்றவையும், நாப்தலீன் முதலான பல்வளைய ஹைட்ரோகார்பன்களும், ஆல்கைல்பீனால்களும் ஓரளவு நீரில் கரையக்கூடியவை. துளிகளை எவ்வளவு கவனமாகப் பிரித்தெடுத்தாலும் கரைந்தவை நீரோடு போய்விடும்.

பாறையே கொடுத்தனுப்பும் பொருள்களும் உண்டு. உப்பு, இரும்பு, பேரியம், சிறிதளவு ரேடியம் ஆகியவை அவை. பாறை நீரில் பேரியமும் கடல்நீரில் சல்பேட்டும் உள்ளன. செலுத்திய கடல்நீர் பாறை நீரைச் சந்திக்கும் இடத்தில் இவ்விரண்டும் சேர்ந்து பேரியம் சல்பேட்டாக உறைந்து, குழாயின் உட்சுவரில் கல்லாகப் படிகின்றன. ரேடியமும் அந்தப் படிவில் சேர்ந்துகொள்கிறது. குழாய்களைச் சுரண்டி எடுக்கும் இந்தக் கல்லைக் கதிரியக்கக் கழிவாகவே கையாள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வகை, மேடையில் வேலை செய்பவர்களே சேர்க்கும் வேதிப்பொருள்கள். கல் படியாமல் இருக்கப் படிவுத் தடுப்பி, குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அரிப்புத் தடுப்பி, பாக்டீரியாக்களைக் கொல்ல உயிர்க்கொல்லி, எண்ணெயும் நீரும் பிரியாமல் பால்மமாக நிற்கும்போது அதை உடைக்க ஒரு பொருள் என்று பட்டியல் நீளும். அளவில் இவை மிகக் குறைவு. ஆனால் சில, குறிப்பாகச் சில அரிப்புத் தடுப்பிகளும் உயிர்க்கொல்லிகளும், லிட்டருக்கு ஓரிரு மில்லிகிராம் அளவிலேயே கடல்வாழ் சிற்றுயிர்களைப் பாதிக்கக்கூடியவை. எண்ணெயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இவற்றின் பங்கு கணக்கில் வராமலே போயிற்று.

துளிகளைப் பிடித்தல்

கிணற்றிலிருந்து வரும் கலவை முதலில் பெரிய உருளைத் தொட்டிகளுக்குள் போகிறது. அங்கே வாயு மேலேயும், எண்ணெய் நடுவிலும், நீர் அடியிலுமாகப் பிரிகின்றன. இதற்குப் புவியீர்ப்பு போதும், நேரம் மட்டும் வேண்டும். எவ்வளவு நேரம் என்பது துளியின் பருமனைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள எண்ணெய்த் துளி, நீரில் ஒரு மீட்டர் மேலேற ஏறக்குறைய கால் மணி நேரம் எடுக்கும். அதே துளி பத்து மடங்கு சிறியதாக இருந்தால் வேகம் நூறு மடங்கு குறைந்துவிடும். ஒரு மீட்டர் ஏற அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடல் மேடையில் ஓர் அடி இடமும் விலைமதிப்பு மிக்கது. நீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிவைக்கும் தொட்டிகளுக்கு அங்கே இடமில்லை.

இந்தச் சிக்கலுக்கு விடை தந்தவர்கள் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் தியூவும் டெரெக் கோல்மனும். அவர்கள் வடிவமைத்த ஹைட்ரோசைக்ளோன் 1980-களில் கடல் மேடைகளுக்கு வந்தது. சில சென்டிமீட்டர் அகலமும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள, ஒரு முனை நோக்கிக் குறுகிச் செல்லும் குழாய் அது. அகன்ற முனையில் நீர் பக்கவாட்டாக நுழைவதால் குழாய்க்குள் அதிவேகமாகச் சுழல்கிறது. சுழற்சியில் கனமான நீர் சுவரை ஒட்டி ஒதுங்க, லேசான எண்ணெய் நடு அச்சில் மெல்லிய நூலாகத் திரள்கிறது. எண்ணெய் நூல் வந்த பக்கமே திரும்பி வெளியேறுகிறது. நீர் குறுகிய முனை வழியே போகிறது. புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்கு விசை கிடைப்பதால் மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை ஓரிரு நொடிகளில் முடிகிறது. சுழலும் பாகம் என்று அதில் எதுவும் இல்லை. இத்தகைய குழாய்களைக் கற்றையாக ஒரே உறைக்குள் அடுக்கிவிட்டால் ஒரு மேடையின் நீர் முழுவதையும் கையாளலாம்.

அதற்கும் எல்லை உண்டு. 10 மைக்ரானுக்குக் கீழுள்ள துளிகள் பெரும்பாலும் நழுவிவிடுகின்றன. அத்தனை சிறிய துளிகள் உருவாவதில் மேடையின் கருவிகளுக்கே பங்கு இருக்கிறது. அதிக அழுத்தத்தில் வரும் கலவை குறுகிய வால்வு ஒன்றின் வழியே பீச்சப்படும்போதும், வேகமாகச் சுழலும் பம்புகளுக்குள் போகும்போதும், பெரிய துளிகள் சிதறிப் பொடியாகின்றன. ஆகவே நல்ல பொறியாளர்கள் சுத்திகரிப்புக் கருவியை மாற்றுவதற்கு முன் அதற்கு மேல்நிலையில் உள்ள வால்வையும் பம்பையும் ஆராய்கிறார்கள். ஹைட்ரோசைக்ளோனைத் தாண்டிய துளிகளைப் பிடிக்க, நீருக்குள் வாயுக் குமிழ்களை விட்டு, அவற்றில் ஒட்டவைத்து மேலேற்றும் முறை இருக்கிறது. கரைந்த பொருள்களைப் பிடிப்பது இன்னும் கடினம். நார்வேயின் சில மேடைகளில் இயற்கை வாயுவிலிருந்து கிடைக்கும் மென்திரவத்தை நீருக்குள் செலுத்தி, கரைந்த பல்வளையச் சேர்மங்களை அதற்குள் இழுத்துப் பிரிக்கும் சி-டூர் என்ற முறை கையாளப்பட்டிருக்கிறது.

30 என்னும் எண்

வடகடலையும் வடகிழக்கு அட்லாண்டிக்கையும் சுற்றியுள்ள நாடுகள் 1992-இல் பாரிஸில் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆஸ்பார் எனப்படுகிறது. அதற்கு முன்பிருந்தே இந்தக் கடலில், மேடையிலிருந்து விடும் நீரில் சிதறிய எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு நடைமுறையில் இருந்தது. 2001-இல் ஆஸ்பார் அதை 30 ஆகக் குறைத்தது. மாதச் சராசரியைக் கொண்டு அளக்கப்படும் இந்த வரம்பு 2006-இன் முடிவுக்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு நாடும் கடலில் விடும் எண்ணெயின் மொத்த எடையை 2000-ஆம் ஆண்டு அளவிலிருந்து 15 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற இலக்கும் அதே பரிந்துரையில் இருந்தது.

இந்த இரண்டாவது இலக்குக்கு வலுவான காரணம் இருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 கன மீட்டர் நீரை லிட்டருக்கு 28 மில்லிகிராம் எண்ணெயுடன் விடும் மேடை, நாளுக்கு 140 கிலோ எண்ணெயைக் கடலில் சேர்க்கிறது. நீரை லிட்டருக்கு 14 மில்லிகிராம் வரை சுத்தமாக்கும் இன்னொரு மேடை 30,000 கன மீட்டர் விட்டால் அது 420 கிலோ. லிட்டர் கணக்கில் இரண்டாவது மேடை இரு மடங்கு சுத்தமானது. கடலின் கணக்கில் மூன்று மடங்கு எண்ணெய் விடுவது அதுதான். வயலுக்கு வயதாகி நீர் பெருகும்போது லிட்டர் வரம்பைக் கொஞ்சமும் மீறாமலே மொத்த எண்ணெய் ஏறிக்கொண்டே போகலாம்.

இந்த எண்ணுக்கு இன்னொரு குறையும் உண்டு. ‘எண்ணெய்’ என்று அளக்கப்படுவது எது என்பதை அளக்கும் முறையே தீர்மானிக்கிறது. ஆஸ்பார் நாடுகள் 2007 முதல் பின்பற்றும் ஆய்வுமுறை, குறிப்பிட்ட வேதி எல்லைக்குள் வரும் ஹைட்ரோகார்பன்களை மட்டும் சிதறிய எண்ணெயாகக் கணக்கிடுகிறது. பென்சீனும் அதன் உறவுச் சேர்மங்களும் தனியாக அளக்கப்படுகின்றன. அரிப்புத் தடுப்பியோ உயிர்க்கொல்லியோ இந்த எண்ணில் சேர்வதே இல்லை. லிட்டருக்கு 30 மில்லிகிராம் எளிய வரம்பு, கண்காணிக்க வசதியானது, அதனால் பல மேடைகள் சீர்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் கடலுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்விக்கு அது விடை சொல்வதில்லை.

ஒரு மேடையின் கணக்கு

அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கும் வழியை 2012-இல் ஆஸ்பார் பரிந்துரைத்தது. அதை ‘அபாய அடிப்படை அணுகுமுறை’ என்று அழைப்பார்கள். இதன் நடைமுறை ஒரே ஒரு ஒப்பீட்டில் அடங்கும். கடலில் ஓரிடத்தில் ஒரு பொருள் எவ்வளவு செறிவில் இருக்கும் என்று முதலில் கணிக்கிறார்கள். எந்தச் செறிவுக்குக் கீழே அந்தப் பொருளால் உயிர்களுக்குத் தீங்கு வராது என்று அடுத்து மதிப்பிடுகிறார்கள். இந்த இரண்டாவது அளவுக்குத் தீங்கிலா அளவு என்று பெயரிடுவோம். கணித்த செறிவு தீங்கிலா அளவைத் தாண்டினால் அந்த இடத்தில் அபாயம் இருக்கிறது.

தீங்கிலா அளவை அறிய ஆய்வகத்தில் கடற்பாசி, கோப்பிபாட் எனப்படும் நுண் ஓட்டுயிரி, இளம் மீன் ஆகியவற்றின்மீது வேதிப்பொருளைச் சோதிக்கிறார்கள். கிடைக்கும் மிகக் குறைந்த தீங்கு அளவைப் பத்தால், நூறால், சிலவேளை ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்ணாலும் வகுக்கிறார்கள். சோதனைகள் குறைவாக இருக்கும்போது வகுக்கும் எண் பெரிதாகும். ஆய்வகத்து மூன்று உயிர்களைக் கொண்டு கடலின் எண்ணற்ற உயிர்களுக்குத் தீர்ப்பு சொல்வதால் இந்தப் பாதுகாப்பு இடைவெளி இன்றியமையாதது.

கணக்கு எப்படி நடக்கிறது என்று காண ஒரு கற்பனை மேடையை எடுத்துக்கொள்வோம். அது நாளுக்கு 10,000 கன மீட்டர் நீரை விடுகிறது. அதில் மூன்று பொருள்களை மட்டும் பார்ப்போம்.

சிதறிய எண்ணெய் லிட்டருக்கு 21 மில்லிகிராம். தீங்கிலா அளவு 70 மைக்ரோகிராம். ஆஸ்பார் வழிகாட்டுதல் தரும் மதிப்பும் இதை ஒட்டியதே. ஒரு மில்லிகிராம் என்பது 1,000 மைக்ரோகிராம். ஆகவே 21,000-ஐ 70-ஆல் வகுத்தால் 300. அதாவது இந்த நீர் கடல்நீரில் 300 மடங்கு கலந்து நீர்த்த பின்னரே எண்ணெய் தீங்கிலா அளவுக்கு இறங்கும்.

கரைந்த நாப்தலீன் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம் என்றும், தீங்கிலா அளவு 2 மைக்ரோகிராம் என்றும் கொள்வோம். தேவையான நீர்ப்பு 200 மடங்கு.

அரிப்புத் தடுப்பி லிட்டருக்கு 5 மில்லிகிராம். இந்தக் கற்பனைப் பொருள் நச்சு மிக்கது. தீங்கிலா அளவு 5 மைக்ரோகிராம். தேவையான நீர்ப்பு 1,000 மடங்கு.

மூன்றும் ஒரே நீரில் இருப்பதால் அவற்றின் பாதிப்பைக் கூட்டிப் பார்ப்பது வழக்கம். 300, 200, 1,000 சேர்ந்து 1,500. இந்த மேடையின் நீர் முழுவதுமாகத் தீங்கற்றதாக மாற 1,500 மடங்கு நீர்க்க வேண்டும்.

இப்போது நிறுவனம் பெரும் பணம் செலவழித்துப் புதிய கருவி வாங்கி எண்ணெயை 21-லிருந்து பத்தரை மில்லிகிராமாகப் பாதியாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் பங்கு 150 ஆகும்; மொத்தம் 1,350. எண்ணெயைப் பாதியாக்கியும் அபாயம் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மாறாக, கருவி எதையும் தொடாமல், அரிப்புத் தடுப்பியை மட்டும் தீங்கிலா அளவு 50 மைக்ரோகிராமாக உள்ள வேறொன்றாக மாற்றினால் அதன் பங்கு 100-க்கு இறங்கும். மொத்தம் 600. அபாயம் அறுபது விழுக்காடு குறைகிறது. முன்பிருந்த 21 மில்லிகிராமும் 30 என்ற வரம்புக்கு உட்பட்டதே. அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்தப் பெரிய மாற்றம் கண்ணிலேயே பட்டிருக்காது.

நாள் ஒன்றுக்கு எவ்வளவு நீர் என்பது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? தேவையான நீர்ப்பு மடங்கு நீரின் அளவைப் பொறுத்ததன்று. ஆனால் அந்த நீர்ப்பு ஏற்படும் வரை கலங்கும் கடலின் பரப்பு நீரின் அளவைப் பொறுத்தே பெருகும். வெளியேறும் நீர் சூடானது. அதன் உப்பும் கடலின் உப்பிலிருந்து வேறுபடும். வெப்பத்தையும் உப்பையும் பொறுத்து அது அமிழும் அல்லது மிதந்தெழும். நீரோட்டமும் அலையும் அதைப் பல திசையில் இழுக்கும். இதையெல்லாம் கணினியில் கணக்கிட நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனம் ட்ரீம் என்ற மாதிரியை உருவாக்கியது. 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 10 மீட்டர் ஆழம் கொண்ட கடல்நீர்க் கட்டம் ஒன்று தீங்கிலா அளவைத் தாண்டினால் அதற்கு ஒரு மதிப்பெண் என்ற முறையில், ஒவ்வொரு மேடைக்கும் ஒரு சூழல் தாக்க எண்ணை அது கணக்கிட்டுத் தருகிறது. எந்தப் பொருள் எத்தனை மதிப்பெண்ணுக்குக் காரணம் என்பதும் அதிலேயே தெரியும். அதிகாரிகளும் நிறுவனத்தாரும் எதை முதலில் மாற்றுவது என்று பேச இது பொதுவான அடிப்படையாயிற்று.

ஒரு வகைப் பொருளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. எளிதில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் பொருள்கள், எவ்வளவு நீர்த்தாலும் உணவுச் சங்கிலியில் மீண்டும் திரள்கின்றன. நார்வே வேதிப்பொருள்களைக் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறமிட்டு வகைப்படுத்துகிறது. கறுப்பிலும் சிவப்பிலும் வருபவற்றைக் கணக்குப் போட்டுக் கடலில் விட வழியில்லை. படிப்படியாகக் கைவிட்டே ஆக வேண்டும். பிரிட்டனும் இதே நோக்கத்தில் சில பொருள்களுக்கு மாற்று தேடும்படி எச்சரிக்கை முத்திரை குத்துகிறது.

எங்கே கைவைப்பது

அபாயத்தைக் குறைக்கும் வழிகளில் மிகச் சிறந்தது நீரை மேலே வரவிடாமல் செய்வது. கிணற்றில் எந்த அடுக்கிலிருந்து நீர் நுழைகிறதோ அதைச் சிமெண்டால் அல்லது ஜெல்லால் அடைக்கலாம். கிடைமட்டமாகத் தோண்டிய கிணறுகளில் எந்தப் பகுதி எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் இருக்கின்றன. நார்வேயின் டிரோல் வயலில் எண்ணெய் அடுக்கு மிக மெல்லியது. சற்று அலட்சியமாக இழுத்தால் அடியிலிருக்கும் நீர் ஏறிவிடும். அங்கே கடலடியிலேயே நீரைப் பிரித்து, மேடைக்குக் கொண்டுவராமல் மீண்டும் பாறைக்குள் செலுத்தும் கருவி 2000-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது.

வந்த நீரைத் திரும்பப் பாறைக்குள்ளேயே செலுத்துவது அடுத்தது. அழுத்தம் தருவதற்குக் கடல்நீருக்குப் பதில் உடன்வரு நீரையே பயன்படுத்தினால் இரட்டை நன்மை. ஆனால் அது எல்லா வயலுக்கும் பொருந்துவதில்லை. நீரில் மிஞ்சிய துகள்களும் எண்ணெயும் பாறையின் துளைகளை அடைத்துவிடலாம். பம்புகளை ஓட்ட மேடையில் வாயு எரிக்கப்படுவதால் கரியமில வாயு வெளியேறுகிறது. கடலைக் காக்கக் காற்றைக் கெடுக்கிறோமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் எழுகிறது. செலுத்தும் பாறையைச் சரியாக அறியாமல் இறங்கினால் விளைவு வேறு மாதிரியாகும். நார்வேயின் டோர்டிஸ் வயலில் கடலடியில் நீரைப் பிரித்து மேலடுக்குப் பாறை ஒன்றில் செலுத்தினார்கள். 2008-இல் அந்நீர் கடல்தரையைப் பிளந்து வெளியே கசிந்தது தெரியவந்தது. தரையில் பள்ளமே விழுந்திருந்தது. நீரைத் தாங்கும் என்று நம்பிய மணற்பாறை அடுக்கு அந்த இடத்தில் எதிர்பார்த்தபடி இல்லை. கடலில் விடாமல் பூமிக்குள் அனுப்புவது தானாகவே பாதுகாப்பானது என்ற எண்ணத்தை இந்த நிகழ்வு திருத்தியது.

வேதிப்பொருளை மாற்றுவதும், தேவையான அளவுக்கு மேல் ஊற்றாமல் இருப்பதும் பெரும்பாலும் மலிவான வழிகள். கூடுதல் கருவி பூட்டுவது கடைசியில் வருவதே நியாயம்; மேடையில் இடம், எடை, மின்சாரம் மூன்றுக்கும் தட்டுப்பாடு என்பதால் நடைமுறையும் அதையே வற்புறுத்துகிறது.

கூண்டில் சிப்பிகள்

கணினி சொல்வது கடலில் நடக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். நார்வேயில் மேடைகளைச் சுற்றி, 500 மீட்டர், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்ற தொலைவுகளில், நீருக்கடியில் கூண்டுகளைத் தொங்கவிட்டு அவற்றில் நீலச் சிப்பிகளையும் சில ஆய்வுகளில் காட் மீன்களையும் வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். சிப்பி நீரை வடிகட்டியே உண்பதால், நீரில் மிகச் சிறிதளவே இருக்கும் பல்வளையச் சேர்மங்களும் அதன் சதையில் சேர்ந்து அளக்கத்தக்க அளவுக்கு வருகின்றன. கூண்டுகளை மேலே எடுத்ததும் சதையில் உள்ள பொருள்களோடு, செல்களுக்குள் இருக்கும் சவ்வுகள் எவ்வளவு உறுதியாக உள்ளன என்பதையும் சோதிக்கிறார்கள். காட் மீனின் பித்தநீரில் உடைந்த சேர்மங்களின் தடம் தேடப்படுகிறது. மேடைக்கு அருகிலுள்ள சிப்பிகளில் தடம் தெளிவாகவும், தொலைவு கூடும்போது மங்கியும் காணப்படுவது திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. பாதிப்பு பெரும்பாலும் ஓரிரு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. கணினி மாதிரிகளும் பொதுவாக அதையே சொல்கின்றன.

எல்லாம் இப்படி ஒத்துப்போனதில்லை. வடகடலின் டாம்பென் பகுதியில் 2000-களின் தொடக்கத்தில் பிடித்த காட்டு ஹாடாக் மீன்களின் கல்லீரலில், டி.என்.ஏ.வோடு ஒட்டிய வேதித் தடங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. உடன்வரு நீர்தான் காரணமா, கடலடியில் பல்லாண்டாகக் குவிந்த பழைய துளையிடு கழிவா என்ற விவாதம் நீண்டது. ஹாடாக்கைப் பற்றிய பிற்கால ஆய்வுகளில் மற்றொன்று தெரிந்தது. அதன் முட்டையின் வெளிச்சவ்வு பசைத்தன்மை உள்ளது. நீரில் மிதக்கும் எண்ணெய் நுண்துளிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. அதே நீரில் வைத்த காட் முட்டையில் துளிகள் ஒட்டுவதில்லை. துளியைச் சுமந்த ஹாடாக் கருவுக்குள் நச்சு தொடர்ந்து கசிய, அதன் இதயமும் தலை எலும்பும் உருக்குலைகின்றன. கரைந்த செறிவை மட்டும் பார்த்து இரண்டு இன முட்டைகளும் ஒரே அபாயத்தில் இருப்பதாகக் கொண்டிருந்தால், ஹாடாக்குக்கு நேரும் தீங்கு மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டிருக்கும். இத்தகைய கண்டுபிடிப்பு வரும்போது தீங்கிலா அளவையே மறுபடி எடைபோட வேண்டியிருக்கிறது.

வெப்பக் கடல்களில்

மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கா விதித்திருக்கும் எண்ணெய் வரம்பு, மாதச் சராசரியாக லிட்டருக்கு 29 மில்லிகிராம், எந்த ஒரு நாளிலும் 42. அதோடு அங்கே நீரை முழுமையாகவே, அதிலுள்ள பொருள்களைப் பிரிக்காமல், ஒரு வகைச் சிற்றிறாலின் மீதும் சிறு மீனின் மீதும் ஏழு நாள் சோதித்துக் காட்ட வேண்டும். பொருள்வாரிக் கணக்கில் பெயரில்லாமல் தப்பிவிடும் நச்சும் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும் என்பது இதன் சிறப்பு. எந்தப் பொருள் குற்றவாளி என்று இது சொல்லாது என்பது குறை. ஆஸ்பார் வழிகாட்டுதல் இரண்டு முறைகளையும் ஏற்கிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யும் மேடையின் முடிவுகளுக்கே நம்பகத்தன்மை அதிகம்.

இந்தியாவின் பெரிய கடல் வயலான மும்பை ஹை 1974-இல் கண்டறியப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய விதிகளின்படி கடலில் விடும் நீரில் எண்ணெய், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மாதிரிகளில் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். எப்போதும் 100-ஐத் தாண்டக்கூடாது. இது செறிவு வரம்பு வகையைச் சேர்ந்தது. வடகடல் நாடுகளின் கணக்கை அப்படியே தூக்கி அரபிக்கடலில் வைத்துவிடவும் முடியாது. வெதுவெதுப்பான நீரில் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் வேகமாக வேலை செய்கின்றன; அதேநேரம் சூட்டில் ஏற்கெனவே மூச்சுத் திணறும் உயிர்களுக்கு நச்சின் சுமை கூடுதலாகத் தெரியலாம். குளிர்கடல் காட் மீனும் ஹாடாக் மீனும் இங்கே இல்லை. ஆசியக் கடற்கரைகளின் மாசை அளக்கும் ஆய்வுகளில் நீலச் சிப்பிக்குப் பதிலாகப் பச்சைச் சிப்பி நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதே சிப்பியை மேடைகளைச் சுற்றிக் கூண்டில் வைப்பதும், தீங்கிலா அளவுகளை இந்தக் கடலின் இறால், மீன், நுண்ணுயிர்களைக் கொண்டே கண்டறிவதும், வெப்பக் கடல்களில் அபாயக் கணக்கைத் தொடங்கும் எந்த நாடும் முதலில் செய்ய வேண்டிய வேலைகள்.